சந்தா கட்டினால் சுடும் சீட்

1

அன்புப் பிள்ளைகளுக்கு,

நீங்கள் கையாலேயே எழுதி நடத்துகிற பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி, உங்கள் மாலை வகுப்பு செல்வி டீச்சர் போனில் கேட்டார். "பனி எப்டி பெய்யும், அங்க ஸ்கூல் எப்டி இருக்கும், அதெல்லாம் எழுதுங்கண்ணா. பசங்க ஆசையா படிப்பாங்க" என்றார்.

பனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக இருக்கும். முதல் வாரம் அழகாக இருக்கும். அதற்கப்புறம் ஐந்து மாதம் அதை அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் பனி.

நான் எழுதப்போவது எங்கள் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கிற சீட்டைப் பற்றி. பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யும் படித்தவன் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

இந்த மாதத்தோடு நாங்கள் கனடாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊர் வின்னிபெக். நான் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். என் மனைவி ஸ்டெல்லா பென்னலூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவள். இங்கே அவளுடைய படிப்பு செல்லவில்லை. பரீட்சை எழுத வேண்டும், காகிதம் அனுப்ப வேண்டும், அந்தக் காகிதம் சரியா என்று இன்னொரு ஆபீசில் காகிதம் வாங்க வேண்டும். படிப்பு அவளுக்குள்ளேதான் இருக்கிறது. அதைத் திறந்துவிட வேறு யாரோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்து இன்றுவரை வரவில்லை. அதனால் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைத் தூக்கி உட்கார வைக்கிற, குளிப்பாட்டுகிற வேலை செய்கிறாள். தூக்கித் தூக்கி முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. நரம்பு நசுங்கி, வலது இடுப்பில் ஓரிடம் மரத்துக் கிடக்கிறது. அங்கே கிள்ளினாலும் தெரியாது, அதைச் சுற்றி வலி மட்டும் தெரியும் என்பாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள், ஏஞ்சல். வரும்போது ஐந்து வயது, இப்போது பதினான்கு. தமிழ் பேசுவாள். படிக்க மாட்டாள். ஆகையால் இதில் அவளைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

2

நம் பிள்ளைப்பாக்கம் தொழிற்பேட்டையில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். கார் சீட்டுக்குள் வைக்கிற ஹீட்டர் மேட் செய்கிற கம்பெனி அது. துணி மாதிரி மெல்லிய விரிப்பு. உள்ளே வளைந்து வளைந்து கம்பி ஓடும். கரண்ட் கொடுத்தால் சூடாகும். இதைச் சீட்டுக்குள் தைத்துவிட்டால் குளிர்நாட்டில் உட்காருபவர்களுக்கு இதமாக இருக்கும்.

மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு இதைச் செய்வோம். மேலே ஓடுகிற ஃபேன் அனல்காற்றைத்தான் இறக்கும். என்னோடு டெஸ்டிங் பெஞ்சில் நின்றவர் சேரப்பணஞ்சேரி பன்னீர் அண்ணன். "நம்மூர்ல பஸ் சீட்டு சும்மாவே சுடுது. இதுக்குக் கம்பி வச்சி, கரண்டு வச்சி சூடு பண்றானுங்களாம். எவன்டா அந்த மகராசன்?" என்பார். லைன் முழுக்கச் சிரிக்கும்.

டெஸ்டிங் என்றால் பெரிய மெஷின் எல்லாம் கிடையாது. மேட்டின் இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி, சுவிட்சைப் போட்டு, உள்ளங்கையை மேட்டின் மேல் வைத்து இருபது வரை எண்ண வேண்டும். இருபதுக்குள் கை முழுக்கச் சூடு ஏறினால் நல்ல மேட். சுவிட்சை அணைத்து, பச்சை மார்க்கரில் ஒரு டிக் போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை தரம் இருபது எண்ணியிருப்பேனோ. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் சொல்லும்போதுகூட வாய் எண்ணிக்கொண்டிருக்கும்.

முதலில் விலை கூடிய வண்டிகளுக்கு மட்டும்தான் ஆர்டர் வரும். நான் கிளம்புவதற்கு முந்தின வருடம் ஆர்டர் மூன்று மடங்கானது. ஓ.டி. போட்டுத் தீர்த்தார்கள். ஏன் என்று சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, "இனிமே எல்லா வண்டிக்கும் வெக்கறாங்களாம். சின்ன வண்டி, பெரிய வண்டி, எல்லாத்துக்கும்" என்றார்.

பன்னீர் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "பார்றா அந்தோணி, வெள்ளக்காரனுக்கு எவ்ளோ பெரிய மனசு! ஏழ பணக்காரன் பாக்காம எல்லாருக்கும் சூடு குடுக்கறான்."

நாங்கள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினோம், பிள்ளைகளே.

3

போன குளிர்காலத் தொடக்கத்தில் தவணையில் ஒரு புதுக் கார் வாங்கினோம். சின்ன கார்தான். அதுவரை பழைய வண்டிகளாகவே ஓட்டியவர்கள் நாங்கள். ஸ்டெல்லா வேலை பார்க்கிற இடம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. தினமும் நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன். மைனஸ் முப்பது டிகிரியில் முக்கால் மணி நேரப் பயணம்.

வாங்கிய முதல் நாள் சீட்டுச் சூட்டைப் போட்டோம். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னாங்க, யாரோ பின்னாலருந்து கை வச்சி புடிச்சிக்கினு கீற மாரி இருக்குது" என்றாள். அவள் வேலை முடிந்து முனகாமல் வீடு வந்தது அந்த நான்கு மாதம்தான்.

நாலாவது மாதம் முடிந்த அன்று சுவிட்சை அழுத்தினால் சூடு வரவில்லை. திரையில் ஏதோ எழுத்து வந்தது. பின்னாலிருந்து ஏஞ்சல் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"ஃப்ரீ ட்ரையல் முடிஞ்சிடுச்சுப்பா. இனிமே மாசா மாசம் சப்ஸ்கிரிப்ஷன் கட்டணும்."

"எதுக்கு?"

"ஹீட்டட் சீட்டுக்கு."

"சீட்டுதான் நம்மளுது ஆச்சே. காசு கட்டித்தானே வாங்கனோம்?"

"சீட்டு நம்மளுது. ஹீட் அவங்களுது."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பாட்டுக் கேட்க மாதச் சந்தா, படம் பார்க்க மாதச் சந்தா, போட்டோவைப் பத்திரமாக வைக்க மாதச் சந்தா என்று வளர்ந்த பிள்ளை. தன் பொருள் என்று எதையும் முழுசாகக் கையில் வைத்துப் பார்க்காத பிள்ளை.

கட்ட முடியாத தொகை ஒன்றும் இல்லை. நாங்கள் மூவரும் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசுதான். ஸ்டெல்லா அன்றைக்கே சொன்னாள்: "கட்டிடலாங்க. எனக்கு இடுப்புக்கு நல்லாக்கீது."

முடியாது என்றேன்.

மறுநாள் காலையிலும் அதையே சொன்னாள். நான் ஷோரூமுக்குப் போனேன். மேசையில் இருந்த பையன் மிகவும் மரியாதையானவன். காபி கொடுத்தான். அவனுக்கு விளங்கட்டும் என்று, இந்தச் சீட்டுக்குள் இருக்கிற மாதிரி மேட்டை ஆறு வருடம் நான்தான் செய்தேன், என் கையால் சோதித்தேன், அதற்கு நானே எதற்குக் காசு கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. மிக அருமையான வேலை செய்திருக்கிறீர்கள் சார் என்று கைகொடுத்தான். பிறகு சந்தா கட்டுவது எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். கார் வாங்கும்போது திரையில் சம்மதம் என்று நான் அழுத்திய பக்கங்களையும் காட்டினான். விரலால் தள்ளத் தள்ள அது போய்க்கொண்டே இருந்தது.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வண்டியைக் கராஜில் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேட்டின் வால் ஒன்று ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் துணி லேபிள். இந்தியாவில் செய்தது என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் மங்கிப்போய், பச்சை மார்க்கரில் ஒரு டிக்.

முட்டிபோட்டபடியே அந்த டிக்கை விரலால் தடவினேன். யார் போட்ட டிக்கோ தெரியாது. நான் வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது, என்னுடையதாக இருக்க முடியாது. பன்னீர் அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருடையதாக இருக்கலாம். ஏஞ்சலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, இது நம்மூரு. உங்க அப்பா நின்ன பெஞ்சுல டெஸ்ட் பண்ணது."

குனிந்து பார்த்தாள். "கூல்" என்றாள். பிறகு என் பக்கத்தில் இருந்த ஒயரையும் கட்டரையும் பார்த்தாள்.

"நீ இன்னா பண்ணப்போறப்பா?"

"டைரக்டா கனெக்‌ஷன் குடுக்கப்போறேன்."

"அது ஹேக்கிங் மாதிரி. திருடறது."

"எது திருட்டு? நம்ம கார்ல, நம்ம சீட்ல, நம்ம ஊரு ஆளு செஞ்சது."

"அந்த வேலைக்கு உனக்கு சம்பளம் குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க."

"அப்ப முடிஞ்சிடுச்சு. அது உன்னுது இல்ல."

 "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றேன். பதில் தெரியாத அப்பாக்கள் எல்லோரும் சொல்வது அதுதான்.

வண்டிக்குள் போனுக்குச் சார்ஜ் போடுகிற துளையிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, மேட்டின் வாலில் நேராக மாட்டினேன். பெஞ்சில் மாட்டுவதைப் போலவே. சுவிட்சைப் போட்டு, உள்ளங்கையை வைத்து எண்ணினேன். பதினாறிலேயே சூடு ஏறிவிட்டது. ஒன்பது வருடமாகப் பெட்டி தூக்கிய கைக்கு அன்றைக்குத்தான் தன் தொழில் ஞாபகம் வந்தது. கனடாவில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

பன்னீர் அண்ணனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். "டேய், நாம செஞ்ச சூட்ட நமக்கே வாடகைக்கு வுடறானா? பெரிய மனசுன்னு கும்புட்டனேடா அவன!"

அடுத்த ஒன்பது நாள் ஸ்டெல்லா வலி இல்லாமல் போய்வந்தாள். கொஞ்ச நேரம் போடுவேன், அணைப்பேன், மறுபடி போடுவேன். "என் வூட்டுக்காரரு செஞ்ச ஹீட்டரு" என்று வேலை இடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

5

பத்தாவது நாள் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது பனிப்புயல். மத்தியானம்தான், ஆனால் எதிரே இருக்கிற வண்டி தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் விபத்து. வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. அன்று இரண்டு பேர் வேலைக்கு வராததால் அவர்கள் பங்கையும் ஸ்டெல்லாதான் தூக்கியிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் சுவிட்சை அவளே போட்டாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். தடித்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய யூனிஃபார்மோடு சாய்ந்து கிடந்தாள்.

அணைக்கலாம் என்று ஒருதரம் கையைக் கொண்டுபோனேன். சுவிட்ச் அவள் முட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. தட்டினால் எழுந்துவிடுவாள். வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம்.

வீட்டு வாசலில் எழுப்பியபோது, "நல்லா தூங்கிட்டங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். உள்ளே போய் உடை மாற்றும்போதுதான் ஏஞ்சல் கத்தினாள். வலது இடுப்புக்குக் கீழே, அந்த மரத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கொப்புளம் கட்டி, நடுவில் வெள்ளையாக இருந்தது. ஸ்டெல்லாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இன்னாடி, இன்னா கீது அங்க?" என்று ஏஞ்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா. எத்தனாவது தர தீக்காயம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம். ஏஞ்சல் என்னைப் பார்த்தாள். "இன்னா எழுதட்டும்ப்பா?" என்றாள்.

"நடந்தத எழுது."

எழுதினாள். அப்பா சீட்டுக்கு நேராக ஒயர் கொடுத்தார் என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் வந்து என்னையும் ஏஞ்சலையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஸ்டெல்லாவிடம் தனியாகப் பேசினாள். என்ன பேசினார்கள் என்பதை ஸ்டெல்லா பிறகு சொன்னாள். வீட்டில் உனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, உன் புருஷன் இதற்குமுன் உன்னைக் காயப்படுத்தியிருக்கிறானா என்று கேட்டாளாம். மூன்று தரம், மூன்று விதமாகக் கேட்டாளாம்.

"நீ இன்னா சொன்ன?"

"எம்மேல இருக்கற ஆசையில பண்ணாருன்னேன். அதுக்கு அவங்க பாஷையில வார்த்த வர்ல. அழுதுட்டேன். நான் அழுதத வேற எழுதிக்கினாங்க."

6

மறுநாள் பன்னீர் அண்ணனுக்குப் போன் செய்தேன். வேறு யாரிடம் சொல்வது? அவர் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பின்னால் லாரி சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"டேய் அந்தோணி, இருவது எண்ணி ஆஃப் பண்ணு, இருவது எண்ணி ஆஃப் பண்ணுன்னு தெனம் சொல்லுவாங்களே. எதுக்குன்னுடா நெனச்ச?"

"மேட்டு நல்லாகீதான்னு பாக்கன்னு நெனச்சண்ணா."

"நானும் அப்டித்தான்டா நெனச்சிக்கினு இருந்தேன். போன வருசம் ஒரு இஞ்சினியரு பொண்ணு வந்து சொல்லுச்சு. வண்டில ஒரு பொட்டி கீதாம், அதுதான் சூட்ட அளந்து அளந்து கம்மி பண்ணுமாம். அது இல்லாம வுட்டா ஏறிக்கினே போவுமாம்."

அந்தப் பெட்டியைத்தான் பூட்டி வைத்துச் சந்தா கேட்கிறார்கள். அதைத் தாண்டித்தான் நான் ஒயர் இழுத்தேன்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. பிள்ளைப்பாக்கத்தில் ஒருநாள் டீ பிரேக்கில் சுவிட்சை அணைக்காமல் போய்விட்டேன். திரும்பி வந்தால் தீய்ந்த வாசனை. பெஞ்சில் விரித்திருந்த ரெக்சின் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. சூப்பர்வைசர் கத்தினார். அவர் போனதும் பன்னீர் அண்ணன், "இன்னாடா, தோச ஊத்திக்கினு இருந்தியா?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அதாவது, நான் கண்ணால் பார்த்தவன். பார்த்துச் சிரித்தவன். கோபம் வந்ததும் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

உங்களில் பாதிப் பேர் நாளைக்கு ஒரகடம் பக்கமோ பிள்ளைப்பாக்கம் பக்கமோ ஏதாவது ஒரு லைனில்தான் நிற்பீர்கள். எண்ணச் சொன்னால் எதற்கு எண்ணுகிறோம் என்று கேளுங்கள். மாட்டச் சொன்னால் இது யாருக்கு, இதை அவர்களிடம் என்ன சொல்லி விற்பார்கள் என்று கேளுங்கள். திட்டுவார்கள். பரவாயில்லை, கேளுங்கள். ஆறு வருடம் நான் கேட்கவில்லை.

7

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று வண்டி நிறுத்துமிடத்தில் ஏஞ்சல் என் போனைக் கேட்டு வாங்கினாள். ஏதோ தட்டினாள். "கட்டிட்டேன். ஒரு வருஷத்துக்கு. அம்மாக்கு வலிக்கக்கூடாது" என்றாள். நான் வண்டியைக் கொண்டுபோய் விட்டதில், கண்டபடி இழுத்த ஒயரை அதற்குள் ஷோரூமில் பிடுங்கி எறிந்து, பழையபடி மாட்டி, வாரண்டி இனிமேல் செல்லாது என்று கடிதமும் கொடுத்திருந்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை செய்ததை நான் முதல் நாளே செய்திருக்கலாம். நான் முடியாது என்றேன். ஸ்டெல்லாவின் இடுப்பில் அந்த வார்த்தை இருக்கிறது.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். இனி அந்த இடத்தில் எந்தச் சூடும் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெந்நீர்ப் பைகூடக் கூடாதாம். கட்டிய சந்தாவைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம், வருடச் சந்தாவைத் திருப்பித் தர வழியில்லை என்று பதில் வந்தது. பதில் எழுதியது ஆளா மெஷினா என்று ஏஞ்சலுக்கே தெரியவில்லை.

இப்போது ஸ்டெல்லா பின்சீட்டில் உட்கார்ந்துதான் வருகிறாள், இடது பக்கமாக ஒருக்களித்து. டாக்சியில் வருகிற மாதிரி இருக்கிறது. கண்ணாடியில்தான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். நானும் அவளும் அதிகம் பேசுவதில்லை. என்மேல் கோபமா என்று ஒருநாள் கேட்டேன். "கட்டிடலாங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன்" என்றாள். 

எனக்குப் பக்கத்துச் சீட்டில் அவள் கைப்பை மட்டும் இருக்கிறது. குளிர் அதிகமான நாளில் வண்டி கிளம்பியதுமே அந்தச் சீட் தானாகச் சூடாகிறது. ஏஞ்சல் அப்படி வைத்துக் கொடுத்தாள். அணைக்க முடியும். நான் அணைப்பதில்லை. சந்தா கட்டியாயிற்று.

சிக்னலில் நிற்கும்போது என் வலது கை தானாக அந்தக் காலிச் சீட்டின் மேல் போகிறது. உள்ளங்கையை வைத்து வாய்க்குள் எண்ணுகிறேன். பின்னாலிருந்து ஸ்டெல்லா பார்க்கிறாள் என்று தெரியும். இருபதில் கையை எடுத்துவிடுகிறேன்.

நல்ல மேட்தான். ஒரு குறையும் இல்லை.